மணிக்கூண்டு ஏறிய அப்பா

போன வாரம் ஜூலியை நல்ல கோபத்தில் விட்டுவிட்டு வந்தோம். பதிப்பாளர் சென்னையிலிருந்து போன் செய்து, "கதையெல்லாம் பிரமாதம்மா, முடிவைத்தான் யாரும் ஏத்துக்க மாட்டேங்கறாங்க. அந்தப் பையன் திரும்பி வர்ற மாதிரி மாத்திக் கொடுத்துடு. அடுத்த பதிப்புக்கு உடனே ஏற்பாடு பண்ணிடறேன்" என்றார். "முடியாது சார்" என்று ஜூலி போனை வைத்துவிட்டாள்.

இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலி மைசூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அவள் எழுதி வெளிவந்திருக்கிற முதல் நாவல் 'சயாஜி ராவ் ரோட்டில் இறங்கியவர்கள்'. தேவதைகள் கதை. ராஜா, மந்திரி, மாயக் கம்பளம் என்று நினைத்துவிட வேண்டாம். சிட்டி பஸ்ஸும் மல்லிகைக் கூடையும் டிராபிக் போலீசும் வருகிற கதை. மார்க்கெட் முன்னால் நிற்கிறதே சின்ன மணிக்கூண்டு, அதன் உச்சியில் தேவதைகள் குடியிருக்கிறார்கள். தசராவுக்கு விளக்குப் போட்டதும் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, நன்றாக வாசிக்கிறவன் எவன் என்று தேடுகிறார்கள். கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிக்கிற ஒரு பையனை அவர்களுக்குப் பிடித்துப் போகிறது. அவனும் அவர்களோடு மேலே போய்விடுகிறான். கீழே தங்கைக்காரி காத்திருக்கிறாள், காத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் பஸ் இரைச்சலுக்கு நடுவே அவன் வாசிப்பு அவள் காதில் விழுகிறது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் ரோட்டைக் கடந்து போகிறாள். அவ்வளவுதான் கதை.

எல்லாம் கற்பனை என்று ஜூலி சொல்லிக்கொள்கிறாள். நாம் நம்ப வேண்டியதில்லை. அவளுக்கும் ஓர் அண்ணன் உண்டு. பெயர் கார்ல், கீபோர்டு வாசிப்பான். அப்பா பர்னபாஸ் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கோயிலில் ஆர்மோனியமும் பாடகர் குழுவும் அவர் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்துமஸ் பூசைக்கு வராமல், கார்ல் ஏதோ ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சினிமாப் பாட்டு வாசிக்கப் போய்விட்டான். திரும்பி வந்த கையோடு அவன் கீபோர்டு தெருவில் போய் விழுந்தது. "இனிமே உன் சத்தம் இந்த வீட்ல கேக்கக்கூடாது" என்றார் பர்னபாஸ். கார்ல் அன்றே வீட்டை விட்டுப் போனான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மைசூரில் தமிழ்ப் புத்தகம் ஒன்று வந்தால் அது ஒரு வீட்டில் தங்காது. பன்னிமண்டபத்திலிருந்து காந்தி நகர் வரைக்கும் கை மாறிப் போய், அட்டை மடங்கி, காபிக் கறையோடுதான் வீடு திரும்பும். போன இடத்திலெல்லாம் ஆளுக்கு ஓர் அபிப்பிராயத்தை வாங்கிக்கொண்டு வரும்.

"தேவதை தேவதைங்கறியே, அது ஆண்டவர் அனுப்பற சம்மனசா, பிசாசா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லிடும்மா, மனசு கெடந்து அடிச்சுக்குது" என்றார் கோயில் உபதேசியார். "சூப்பர்க்கா, ஆனா ஒரு ஃபைட்டுகூட இல்லியே" என்றான் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன். தமிழ் மன்றத்துக்காரர் ஒருவர், தேவதைகள் கன்னடம் பேசுவது அவசியமா என்று கேட்டார். மைசூர்த் தேவதை வேறு என்ன பேசும்? பேண்டு செட் மேஸ்திரியின் சம்சாரம் மட்டும் ஒரு நாள் மல்லிகைப் பூவோடு வந்து, "எங்க வீட்டுல சோறு இருந்த நாளும் இல்லாத நாளும் அப்படியே எழுதியிருக்கியே, யாரு சொன்னா உனக்கு?" என்று ஜூலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைக் கேட்டால், நடுவில் அந்தத் தேவதைகள் மார்க்கெட்டில் ராகத்துக்குப் பேரம் பேசுகிற இடத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். என்னை யார் கேட்கிறார்கள்!

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

காலையில் ஆபீசில் போன் அடித்தது. வக்கீல் வெளியே போயிருந்தார். ஜூலிதான் எடுத்தாள்.

"ஜூலியா?"

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா!"

"கத்தாதே. உன் புத்தகம் படிச்சேன்."

"எங்க கெடைச்சுது?"

"இங்க பெங்களூர்ல, சிவாஜி நகர் பிளாட்பாரத்துல. பழைய புத்தகக் கடை."

"அதுக்குள்ள பழைய புத்தகக் கடைக்கா வந்துருச்சு!"

மூன்று வருஷம் கழித்துப் பேசுகிற அண்ணனிடம் கேட்கிற கேள்வியா இது? எழுதுகிறவர்கள் இப்படித்தான், என்ன செய்வது.

கார்ல் சிரித்தான். "நடுவுல கொஞ்சம் இழுத்துட்டே. அப்புறம், கிளாரினெட்டை அப்படிப் புடிக்க மாட்டாங்க, யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனா அந்த முடிவு இருக்கு பாரு... சரியா எழுதியிருக்கே. யார் என்ன சொன்னாலும் மாத்திடாதே."

"எல்லாரும் மாத்து மாத்துங்கறாங்கண்ணா."

"அவங்க யாராவது வீட்டை விட்டுப் போனாங்களா? போனவனுக்குத்தான் தெரியும். திரும்பி வர்றதுக்கு ஒரு முகம் வேணும் ஜூலி."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமை பம்பாய் போறேன்" என்றான் கார்ல். "கப்பல்ல வாசிக்கற வேலை. ஊர் ஊராச் சுத்தும். எப்ப திரும்புவேன்னு சொல்ல முடியாது. இன்னிக்கும் நாளைக்கும்தான் இங்க. மெஜஸ்டிக் பக்கத்துல ஒரு ஹோட்டல் மாடியில வாசிக்கறேன்." ஹோட்டல் பெயரையும் சொன்னான்.

"வீட்ல சொல்லட்டுமா?"

"அம்மாகிட்ட சொன்னா அழும். அவர்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? சொல்லாதே. உன் புத்தகம் நல்லா இருக்குன்னு சொல்லத்தான் போன் பண்ணினேன்."

போன் வைக்கப்பட்டது. இத்தனை நாள் ஊர் முழுக்கக் கேட்ட அபிப்பிராயங்களில் ஜூலிக்கு வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான். கிடைத்துவிட்டது. ஆனால் முடிவு சரி என்றால் அண்ணன் வரமாட்டான் என்று அர்த்தம். எழுதும்போது இதை அவள் யோசிக்கவில்லையா? யோசித்தாள். யோசித்துத்தான் எழுதினாள். ஆனால் எழுதுகிறபோது வலிக்காதது அண்ணன் வாயால் கேட்டபோது வலித்தது.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது முன் அறையில் ஊதுபத்தி வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்தத் தெருவில் பெண்களுக்கெல்லாம் கம்பெனியிலிருந்து குச்சியும் அதில் உருட்டிப் பூசுகிற கரிமாவும் வந்துவிடும். மத்தியானமானால் ஜூலியின் அம்மா மரியபுஷ்பம் வீட்டில் பலகையும் கையுமாகக் கூடிவிடுவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. மரியபுஷ்பம் உருட்ட மாட்டாள், வாசிப்பாள். கொள்ளேகால் பக்கம் மார்ட்டள்ளியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள். மற்றவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பத்திரிகைத் தொடர்கதையோ நாவலோ அவள் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் உருட்டியபடியே கேட்பார்கள். முடிந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் குச்சியை அவள் பங்கில் சேர்த்து வைத்துவிட்டுப் போவார்கள். கதை சோகமாக இருந்தால் குச்சி கொஞ்சம் கூடுதலாகவே விழும்.

மகள் எழுதிய நாவலையும் அவள் இப்படித்தான் தினமும் கொஞ்சமாக வாசித்து, போன வாரம் முடித்திருந்தாள்.

"ஜூலி வந்துட்டா!" என்றாள் பஞ்சவர்ணம். பக்கத்து வீட்டுக்காரி, எதையும் மெதுவாகப் பேசத் தெரியாது. "உன் கதை முடிஞ்சதுலருந்து எங்களுக்குக் கையே ஓடல தாயி. இப்ப வேற என்னமோ வாசிக்கறாங்க உங்கம்மா, உப்பு சப்பே இல்ல. உன் கதை ஓடினப்ப எப்படி இருக்கும்! உள் ரூம்ல உங்கப்பா இருமலே நின்னுடும்னா பாத்துக்கயேன்."

"சும்மா இரு பஞ்சு" என்றாள் மரியபுஷ்பம்.

"அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள் ஜூலி.

"ஃபாதரைப் பாத்துட்டு வர்றேன்னு கோயிலுக்குப் போனாரு. இன்னும் காணோம்."

அப்போதுதான் வாசலில் சுந்தராம்பாள் டீச்சர் வந்து நின்றார். தமிழ் டீச்சர். இரவல் வாங்கிய புத்தகத்தைச் செய்தித்தாள் அட்டை போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அப்படிக் கொண்டுவருகிற ஆள் ஊரில் அவர் ஒருவர்தான்.

"தப்பா நெனைக்காதே ஜூலி, மனசுல வெச்சுக்கிட்டுப் போகத் தெரியாது எனக்கு" என்று உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். "பாதி வரைக்கும் புத்தகத்தைக் கீழ வைக்க முடியல. அந்தத் தேவதைங்க பூக்கடைக்காரியோட மூக்குத்தியில உக்காந்து பாட்டு கேக்கற இடம் இருக்கே, அடடா! ஆனா கடைசிப் பக்கத்துல என்னை ஏமாத்திட்டே. கூடப் பொறந்தவன் வாசிக்கறது காதுல விழுது, நிமிர்ந்துகூடப் பாக்காம ஒருத்தி போவாளா? அவன் வரவே மாட்டான்னா எதுக்கு நான் இவ்வளவு தூரம் அவகூட நடந்து வந்தேன்?"

ஜூலி பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள்.

"யாரு டீச்சர் வரல? அந்தப் பையனா? வந்துட்டானே!"

"எங்கம்மா வந்தான்?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கறீங்க! அவங்கப்பாதானே போயிக் கூட்டியாந்தாரு. மூட்டு வலியோட மணிக்கூண்டுல ஒவ்வொரு படியா ஏறி... அதைக் கேட்டு நான் அழுத அழுகையில கரிமாவே ஈரமாயிருச்சு."

"அப்பாவா? அந்த ஆளு கதை முழுக்க பேண்டு சாமான் ரிப்பேர் பண்ணிட்டு மூலையில உக்காந்திருப்பாரு. எழுந்திருக்கக்கூட மாட்டாரே!"

"நானும் கேட்டேன் டீச்சர்" என்று லிங்கம்மா சேர்ந்துகொண்டாள். கன்னடக்காரி, தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது இரண்டும் கலக்கும். "ஹுடுக பந்துபிட்டா, பையன் வந்துட்டான். அப்பன் கையைப் புடிச்சுட்டே இறங்கி வந்தான். தேவதைங்க மேலருந்து எட்டிப் பாத்துட்டு, 'ஹோகலி பிடு, போகட்டும்'ன்னு சும்மா விட்டுட்டாங்க."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். தங்கை ரோட்டைக் கடந்தாள். பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. முற்றும்.

பஞ்சவர்ணம் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள்.

"ஐயோ பாவம்" என்றாள். "உங்களுக்குப் பக்கம் கிழிஞ்ச புத்தகத்தைக் கொடுத்துட்டாங்க டீச்சர்."

ஜூலி அம்மாவைப் பார்த்தாள். மரியபுஷ்பம் எழுந்து நின்று சேலையில் ஒட்டாத கரியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "டீச்சருக்குக் காபி போடறேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஜூலி பின்னாலேயே போனாள்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?"

மரியபுஷ்பம் பாலை அடுப்பில் வைத்தாள். திரும்பவில்லை.

"என் பேரு போட்ட புத்தகம்மா அது! பதிப்பாளர் கேட்டாரு, முடியாதுன்னேன். ஊரே கேட்டுது, முடியாதுன்னேன். நீ என்னடான்னா என் வீட்டுக்குள்ளயே உக்காந்து வேற கதை சொல்லி வெச்சிருக்கே!"

"மத்ததெல்லாம் ஒரு எழுத்து மாத்தல கண்ணு. சத்தியமா. புரியாத இடத்தைக்கூட அப்படியேதான் வாசிச்சேன்."

"கடைசிப் பக்கம்?"

"வாசிக்கத்தான் போனேன். அவ ரோட்டைத் தாண்டறான்னு வந்துச்சு. எனக்கு வாய் வரல. இவளுங்க எல்லாம் என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்காளுங்க. நிறுத்தினா அழுதுருவேன்னு பயமாப் போச்சு. அப்புறம் என்ன பேசினேன்னு எனக்கே தெரியல. வாய் பாட்டுக்குச் சொல்லிட்டே போச்சு. அந்த ஆளை மணிக்கூண்டுல ஏத்தினேன், இவனைக் கையைப் புடிச்சு இறக்கினேன். பெத்தவளுக்கு அதுகூடவா உரிமையில்ல?"

"அது உன் கதைம்மா. என் கதையில அவன் வரமாட்டான்."

"ஏன் வரமாட்டான்?"

"ஏன்னா அதுதான் நிஜம்! கார்லே சொல்லிட்டான், இதுதான் சரியான முடிவு, மாத்தாதேன்னு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஜூலிக்குத் தெரிந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரும் அதை இறக்கவில்லை.

"கார்ல் பேசினானா?" மரியபுஷ்பத்துக்குக் குரலே எழும்பவில்லை. "எப்போ? இன்னிக்கா? குரல் எப்படி இருந்துச்சு? இந்தக் குளிர்ல அவனுக்குத் தொண்டை கட்டிக்குமே."

"நல்லாத்தான் இருந்துச்சும்மா." ஜூலியின் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பம்பாய், கப்பல், ஹோட்டல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லாதே என்று அவன் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

மரியபுஷ்பம் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "கதையில அந்தப் பையன் வரக்கூடாதுன்னு சொன்னானா, தான் வரமாட்டேன்னு சொன்னானா?" என்று கேட்டாள்.

ஜூலி வழிந்த பாலை இறக்கி வைத்தாள்.

சாயங்காலம், பெண்கள் எல்லாம் பலகையை எடுத்துக்கொண்டு போன பிறகு பர்னபாஸ் வந்தார். முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் இஸ்திரி போட்ட சட்டை.

"நாளைப் பூசைக்கு ஆர்மோனியத்துக்கு வேற ஆளைச் சொல்லிட்டேன்" என்றார் மனைவியிடம்.

மரியபுஷ்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டாவது பிரசவத்தன்றுகூட ஆர்மோனியத்தை முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த மனுஷன் அவர். "ஏனுங்க, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கென்ன." பர்னபாஸ் மகள் பக்கம் திரும்பினார். "ஜூலி, இப்படி வா. உன் புத்தகம் படிச்சேன்."

அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். ஜூலி அசையாமல் நின்றாள்.

"படிச்சேன்னா... கேட்டேன். காலை ஷிஃப்ட் முடிஞ்சு வந்து கர்ட்டனுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கறப்ப காதை என்ன, மூடிக்கவா முடியும்? மொதல்ல எனக்குப் புடிக்கல. தேவதை, அது இதுன்னு ஒரே கூத்து. அந்தப் பையன் சுரம் புடிக்கற இடத்துலருந்து உக்காந்து கேட்டேன். அவன் வாசிப்பைப் பத்தி எழுதியிருக்கியே, அது நல்லா இருந்துச்சு. நம்ம வீட்டுல அப்படி ஒருத்தன் வாசிச்சுட்டுத்தான் இருந்தான். நான் உக்காந்து கேட்டதில்ல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த மூணு வருஷமா எல்லாரும் என் மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டாங்க, போய்க் கூட்டிட்டு வாடான்னு. ஃபாதர் சொன்னாரு. உங்கம்மா சொல்லாத நாளில்ல. நீ ஒருத்திதான் வாயே திறக்கல. இவளுக்கு நான் ஆகாதவனாப் போயிட்டேன், என்கிட்ட எதிர்பார்க்க ஒண்ணுமில்லைன்னு முடிவு பண்ணிட்டான்னு நெனைச்சேன். ஆனா கடைசியில எழுதிட்டே பாரு. பேசத் தெரியாத ஆளு, மூட்டு வலிக்காரன், மணிக்கூண்டுல ஏறிப் போறான்னு. அது யாருன்னு எனக்கா தெரியாது?"

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது உடைந்திருக்கும்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் ஜூலி இப்படிச் சொல்ல வேண்டும்: அப்பா, நீங்கள் நினைத்ததுதான் சரி. உங்களிடம் எனக்கு எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. என் புத்தகத்தில் அந்த அப்பா மூலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. உங்களை ஏற வைத்தது அம்மா. இதைச் சொல்ல எந்த மகளுக்கு வாய் வரும்? சொல்லாமல் இருந்தால் மட்டும் என்ன, அங்கே ஒருவன் திரும்பி வர முகமில்லை என்கிறானே. அப்பா போய் வெறுங்கையோடு திரும்பினால், அனுப்பி வைத்த பாவம் யாருக்கு?

"காலையில மொத பஸ்ல பெங்களூர் போறேன்" என்றார் பர்னபாஸ். "சிவாஜி நகர்ல ஏதோ ரூம்ல இருக்கறதாக் கோயில்ல சொன்னாங்க. தேடிக்கறேன்."

"காலையில வேணாம்ப்பா" என்றாள் ஜூலி. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "இப்பவே போங்க. திங்கக்கிழமை அவன் பம்பாய் போறான்." ஹோட்டல் பெயரைச் சொன்னாள்.

உனக்கெப்படித் தெரியும் என்று பர்னபாஸ் கேட்கவில்லை. மரியபுஷ்பம் அதற்குள் பையை எடுத்து இஸ்திரிச் சட்டையை உள்ளே வைத்துவிட்டாள். பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

"அந்தப் புத்தகத்தை எடு. கடைசிப் பக்கத்தை ஒரு தடவை படிச்சுக் காட்டு."

"எதுக்குப்பா?"

"மேல ஏறினதும் அந்த ஆளு மகன்கிட்ட மொதல்ல என்ன சொன்னான்? அது எனக்குச் சரியாக் கேக்கல. அந்த நேரம் பார்த்து பஞ்சவர்ணம் ஓன்னு அழுது மூக்கைச் சிந்திட்டா."

ஜூலி அம்மாவைப் பார்த்தாள். எனக்கு ஞாபகம் இல்லை என்று மரியபுஷ்பம் தலையை ஆட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது.

டீச்சர் வைத்துவிட்டுப் போன புத்தகம் மேஜைமேல் இருந்தது. ஜூலி எடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். அவள் எழுதிய வரிகள் அச்சாகி வரிசையாக நின்றன. தங்கை ரோட்டைக் கடக்கிறாள். அதன்மேல் கண்ணை வைத்துக்கொண்டே ஜூலி வாசிக்க ஆரம்பித்தாள்.

"'மேலே ஏறி வந்தவர் எதுவும் பேசவில்லை. மூச்சு வாங்கியது. மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசி, கேட்கிறேன் என்றார்.'"

"அவ்வளவுதானா? மன்னிச்சுக்கடான்னு கேக்கலியா?"

"'மன்னிப்புக் கேட்க அவருக்கு வார்த்தை தெரியவில்லை. மகன் வாசித்தான். முடிகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.'"

"என்ன பாட்டு?"

"எதை வாசிச்சாலும்ப்பா" என்றாள் ஜூலி. இதை மட்டும் அவள் புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பர்னபாஸ் அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் உருட்டிப் பார்த்தார். "கஷ்டந்தான்" என்றார். பிறகு, "முடிஞ்சதும் உடனே கூட இறங்கி வந்துட்டானா?" என்று கேட்டார்.

"வந்..." என்று மரியபுஷ்பம் வாயெடுத்தாள்.

ஜூலி முந்திக்கொண்டாள். "அது இன்னும் எழுதலப்பா."

எழுதவில்லையா? அச்சாகிக் கடைக்கு வந்த புத்தகத்தில் எழுதாதது என்ன இருக்கும்? பர்னபாஸ் மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். ஜூலி புத்தகத்தைக் கொடுத்தாள்.

ஞானப்பாட்டுப் புத்தகம் படிக்கிறவர் அவர். எழுத்துக் கூட்டி நிதானமாகத்தான் படிப்பார். கடைசிப் பக்கம் முழுவதையும் உதடு அசையப் படித்தார். முந்தின பக்கத்தையும் திருப்பிப் படித்தார். மரியபுஷ்பம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இதுல அந்த ஆளே இல்லியே" என்றார் பர்னபாஸ்.

அவர் புத்தகத்தை மூடி மகள் கையில் திருப்பிக் கொடுத்தார். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். மூட்டில் கையை ஊன்றி நிமிர்ந்து, பையை எடுத்தார்.

"அந்த ஹோட்டல் பேரை இன்னொரு தடவை சொல்லு" என்றார்.